லிட்டரைக் கேட்கும் முன் இடுப்பைக் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியில் இருந்த கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இமயமலையில் பத்து நாள் நடை, கூடாரமும் அடுப்பும் உணவும் நீங்களே சுமக்க வேண்டும், ஆளுக்கு 25 கிலோ வரும் என்று எழுதிவிட்டு, "80 லிட்டர் ரக்சாக் வாங்கட்டுமா, 100 லிட்டர் வாங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். உன்னை மட்டும் குறை சொல்ல முடியாது. கடைக்காரர் முதலில் சொல்வது லிட்டர்தான், பையின் நெற்றியில் பெரிதாக அச்சிட்டிருப்பதும் லிட்டர்தான். பைக்குள் எவ்வளவு அடங்கும் என்பதை அந்த எண் சொல்லும். எவ்வளவு எடையை அந்தப் பையோடு நாள் முழுக்கச் சுமக்க முடியும் என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எத்தனை பெரிய பையானாலும் அந்த 25 கிலோ கடைசியில் வந்து இறங்குவது உன் உடம்பின் ஏதோ ஓர் இடத்தில்தான். அந்த இடம் எது என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும்.

சுமை என்றாலே நமக்குத் தோள்தான் நினைவுக்கு வருகிறது. உதவி செய்வதைக்கூடத் தோள் கொடுப்பது என்கிறோம். ஆனால் உடற்கூறு வேறு கதை சொல்கிறது. தோள்பட்டை எலும்பு முதுகெலும்போடு எங்கும் மூட்டாகச் சேரவில்லை. காறை எலும்பின் உள்முனை மார்பெலும்பைத் தொடுகிற ஒரே மூட்டில்தான் கை முழுவதும் நடு எலும்புக்கூட்டோடு இணைகிறது. மற்றபடி அதைப் பிடித்து நிறுத்தியிருப்பவை தசைகள். ஆகவே தோளில் மாட்டிய எடை பெரும்பாலும் தசையில் தொங்குகிறது. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கற்றையும் காறை எலும்புக்கு அடியில் நுழைந்துதான் அக்குளுக்குப் போகிறது. பட்டை அழுத்துவதும் அங்கேதான். கனத்த பையோடு நெடுந்தூரம் நடந்த படைவீரர்களுக்குக் கை மரத்து, வலுவிழந்து, உயர்த்தவே முடியாமல் போவதற்கு மருத்துவ நூல்களில் 'ரக்சாக் பால்சி' என்றே தனிப்பெயர் உண்டு. தலையும் இடுப்பும் முதுகெலும்பின் இரு முனைகள். அவற்றில் வைத்த எடை எலும்பு வழியாகவே கீழே இறங்கும். காவடித்தண்டைத் தோளில் வைத்துத்தானே நம்மவர்கள் சுமந்தார்கள் என்று நீ கேட்கலாம். காவடியின் தண்டு கழுத்தை ஒட்டிய தடித்த தசைமேல் உட்காரும், நடைக்கேற்ப வளைந்து கொடுக்கும், தோள் மாற்றிக்கொள்ளவும் முடியும். அக்குளைச் சுற்றி இறுக்குகிற இரண்டு பட்டைகளோடு அதை ஒப்பிடக் கூடாது.

இந்த விஷயத்தில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் போவது நேபாளச் சுமையாளர்களிடம். அவர்கள் மூங்கிலில் முடைந்த 'டோக்கோ' என்ற கூம்புக்கூடையை முதுகில் வைத்து, 'நாம்லோ' என்ற பட்டையைக் கூடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலைக்குச் சற்று முன்னால் மாட்டிக்கொள்கிறார்கள். தோளுக்கு வேலையே இல்லை. நாம்சே சந்தைக்குச் சரக்கு ஏற்றிப்போனவர்களை எடை போட்டு 2005-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காடும், பெண்கள் 66 விழுக்காடும் சுமந்துகொண்டிருந்தார்கள். அந்த அளவு கனத்தில், முதுகுப்பையோடு நடந்த ஐரோப்பியர்களைவிட அவர்கள் செலவிட்ட ஆற்றலும் குறைவு. கொழுந்துக்கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலைச்சரிவில் நிற்கும் இலங்கை மலையகப் பெண்ணின் முறையும் இதுவே. இதை வைத்து நான் நெடுநாளாக ஒன்று நம்பி வருகிறேன். மனிதர் சுமை தூக்கிய வரலாறு முழுவதும், தோளிலிருந்து எடையை விடுவிக்கும் இடம் தேடிய வரலாறுதான். சும்மாடு, நாம்லோ, இன்றைய ரக்சாக்கின் இடுப்புப் பட்டை மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

அப்படியானால் டோக்கோவே வாங்கிக்கொள்கிறேன் என்று நீ கிளம்பிவிடக் கூடாது. நாம்லோவைத் தாங்கும் கழுத்து இளவயதிலிருந்தே பழகிய கழுத்து. பத்து நாள் நடைக்கு அதை உருவாக்கிவிட முடியாது. தலைச்சுமை எல்லாருக்கும் சிக்கனம் என்பதும் உறுதியில்லை. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை கூடுதல் ஆற்றலே செலவிடாமல் கென்யப் பெண்கள் சுமக்கிறார்கள் என்று 1986-இல் 'நேச்சர்' இதழ்க் கட்டுரை ஒன்று சொன்னது. தென்னாப்பிரிக்காவின் கோசா பெண்களிடம் பின்னாளில் செய்த ஆய்வில் அப்படிப் பொதுவான சலுகை தென்படவில்லை, ஆளுக்கு ஆள் வேறுபாடே பெரிதாக இருந்தது. பழகாத உனக்கு மிஞ்சுவது இடுப்பு. கலிபோர்னியாவைச் சேர்ந்த டிக் கெல்டி மரச்சட்டகப் பையோடு மலையேறியபோது, சட்டகத்தின் கீழ்முனைகளைக் காற்சட்டையின் பின்பைகளில் செருகிப் பார்த்தார், தோள் பாரம் சட்டென்று குறைந்தது என்று சொல்வார்கள். 1952-இல் அவர் அலுமினியச் சட்டகத்தோடு பை செய்து விற்கத் தொடங்கியதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கண்டுபிடிப்புதான். சட்டகத்தைப் பைக்குள்ளேயே வைக்கும் முறை 1967-இல் கிரெக் லோவிடமிருந்து வந்தது. இரண்டிலும் தத்துவம் ஒன்றே. விறைப்பான ஏதோ ஒன்று எடையை மேலிருந்து இடுப்புக்கு இறக்கவேண்டும். சட்டகம் இல்லாத பையில் எவ்வளவு தடித்த இடுப்புப் பட்டை தைத்திருந்தாலும் பயனில்லை. துணி மடங்கும், எடை மறுபடியும் தோளுக்கே போகும்.

இங்கே கடைப்பேச்சு ஒன்றைத் திருத்தியாக வேண்டும். நல்ல பை எடையில் முக்கால் பங்கை இடுப்புக்கு மாற்றிவிடும் என்பார்கள். சட்டகப் பையை வைத்து நடக்கும்போதே அளந்து 2004-இல் வெளியான ஆய்வில் கீழ் முதுகுக்கும் இடுப்புக்கும் போனது ஏறக்குறைய 30 விழுக்காடு; மீதி மேல்முதுகும் தோளும்தான் தாங்கின. அவ்வளவுதானா, அதற்கா இத்தனை செலவு என்று கேட்பாய். 25 கிலோவில் 30 விழுக்காடு என்றால் ஏழரை கிலோ. ஒவ்வோர் அடிக்கும் ஏழரை கிலோ அந்த நரம்புக் கற்றைமேல் அழுத்தாமல் இருப்பது சிறிய விஷயமே இல்லை. நடக்கும்போது தோள்பட்டையைத் தளர்த்தியும் இடுப்புப் பட்டையைத் தளர்த்தியும் பாரத்தை மாற்றிக்கொள்ள வழி கிடைப்பதும் இதனால்தான். சட்டகமும் பட்டையும் சேர்ந்து ஒரு கிலோ கூடுதல் எடையாயிற்றே என்பது இன்னொரு மறுப்பு. 8 கிலோ சுமப்பவர் அப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்வேன். 25 கிலோ சுமக்கப்போகும் நீ சொல்லக் கூடாது.

இனி லிட்டருக்கு வருகிறேன். பெரிய பையாக வாங்கிவிட்டால் தேவைப்படும்போது நிரப்பலாம், இல்லாவிட்டால் காலியாகக் கிடக்கட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். காலியாகக் கிடக்கும் இடம் சும்மா கிடப்பதில்லை. அரைகுறையாக நிரம்பிய பெரிய பையில் பொருள்கள் அடியில் சரிந்து, முதுகைவிட்டுப் பின்னால் தொங்கும். 25 கிலோவின் எடைமையம் 10 சென்டிமீட்டர் பின்னே போனதாக வைத்துக்கொள். முதுகெலும்பை நிமிர்த்தும் தசை அதிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் இழுக்கிறது. அதனால் ஈடுசெய்ய அது 50 கிலோ அளவுக்குக் கூடுதலாக இழுக்கவேண்டும். இல்லாவிட்டால் நீ முன்னால் குனிந்து நடக்கவேண்டும், பெரும்பாலும் இரண்டும் நடக்கும். ஆகவே கூடாரம், தூக்கப்பை, உணவு எல்லாவற்றையும் வீட்டிலேயே தரையில் குவித்து, கன அளவைக் கண்ணால் பார்த்த பிறகு முடிவு செய். உன் பட்டியலுக்கு 75, 80 லிட்டர் போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது. எதை வாங்கினாலும் பக்கவாட்டில் இறுக்கும் பட்டைகள் இருக்கவேண்டும், கனமானவை முதுகை ஒட்டி உட்காரவேண்டும்.

முரட்டுத்தனம் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. 1000 டெனியர் நைலான் என்று அட்டையில் பார்த்தவுடன் மனம் இளகிவிடக் கூடாது. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். நூலின் பருமனைச் சொல்லும், பையின் ஆயுளைச் சொல்லாது. பாறையில் உரசும் அடிப்பகுதிக்குத் தடித்த துணி வேண்டும், மற்ற இடங்களில் அது வீண் கனம். கனத்த பைகள் பெரும்பாலும் பட்டை துணியோடு சேரும் இடத்தில்தான் பிய்கின்றன. பையை உள்புறமாகப் புரட்டி, தோள்பட்டை வந்து முடியும் இடத்தைப் பார். பட்டையின் நுனி ஒற்றைத் துணியில் தைக்கப்பட்டிருக்கிறதா, பின்னால் இன்னொரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறதா? திருப்பூரில் பார்டேக் என்பார்களே, குறுக்கும் நெடுக்குமாக நெருக்கி அடித்த அந்தத் தையல் இருக்கிறதா? விரலால் பிடித்து இழுத்தால் தையல் துளைகள் வாய் திறக்கின்றனவா? திறந்தால் அந்தப் பை வேண்டாம், துணி எத்தனை டெனியராக இருந்தாலும். ஜிப்பைவிட மேல்வாயைக் கயிற்றால் சுருக்கும் பை நம்பத்தக்கது. மலையில் கயிறு அறுந்தால் வேறு கயிறு போடலாம், பெரிய ஜிப் பல்விட்டால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

அளவெடுக்கும் முறையைக் கவனமாகக் கேள். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே தொடங்கு. இரு கைகளையும் இடுப்பெலும்பின் உச்சியில் வைத்து, கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டினால் அவை சுட்டும் மட்டத்தில் முடி. அந்த நீளம்தான் பையின் முதுகு அளவு. உயரத்தைப் பார்த்துப் பை எடுப்பது தவறு, ஒரே உயரமுள்ள இருவருக்கு இது வேறுபடும். கடையில் உள்ளே தலையணை திணித்துக் காட்டினால் ஏற்காதே. ஐந்து கிலோ அரிசிப் பொட்டலம் நான்கை உடன் எடுத்துப்போ. உள்ளே வைத்து, முதலில் இடுப்புப் பட்டையை மட்டும் இறுக்கு. பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் உச்சிமேல் உட்காரவேண்டும். வேட்டி கட்டும் இடத்துக்கு மேலே, வயிற்றில் உட்கார்ந்தால் அளவு தப்பு. பிறகு தோள்பட்டையை இழு, அரைமணி நேரம் நட, படி ஏறி இறங்கு. கை விரல்களில் சிறிதளவு மதமதப்பு வந்தாலும் அந்தப் பையை அங்கேயே வைத்துவிடு.

கனத்த பையை ஏற்றி இறக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. நம் பழைய பாதைகளில் நெஞ்சுயரத்தில் சுமைதாங்கிக் கற்கள் நின்றது அழகுக்காக இல்லை. தலைச்சுமையைத் தரையில் இறக்கினால் மறுபடி ஏற்ற ஆள் வேண்டும், கல்லில் சரித்துவிட்டால் தனியாகவே மீண்டும் ஏற்றலாம். நேபாள வழித்தடங்களின் சௌதாராத் திண்ணைகளும் இதே நோக்கில் கட்டியவை. நீயும் ஓய்வெடுக்க நிற்கும்போது அப்படி ஒரு திட்டையோ பாறையையோ தேடிப் பையைச் சரி. தரையிலிருந்து ஒற்றைப் பட்டையைப் பிடித்து வெட்டி இழுக்காதே.

முதுகு அளவையும் இடுப்புச் சுற்றளவையும் சென்டிமீட்டரில் எழுதி அனுப்பு. அவை கைக்கு வந்த பிறகு லிட்டரைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்