பழைய புல்லட்டில் ஐட்லிங் தடுமாறினால்: திருகும் முன் காரணம் தேடுக

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளிப் பகுதியில் பழைய 350 சி.சி. புல்லட்டை வைத்து உழைக்கும் உழவர்கள் இன்றும் உண்டு. விதை மூட்டை, உரச் சாக்கு, பால் கேன் எல்லாவற்றையும் சுமந்து, மேடு பள்ளமான ஆற்றங்கரைப் பாதையில் செல்ல இவ்வண்டி ஏற்றது. 1950களில் சென்னையில் தயாரிப்பு தொடங்கப்பட்ட இவ்வண்டியின் வார்ப்பிரும்பு எஞ்சின் எளிய அமைப்பு உடையது. சரியாகப் பராமரித்தால் நெடுங்காலம் உழைக்கும்.

இவ்வண்டிகளில் அடிக்கடி காணும் கோளாறு ஐட்லிங் தடுமாற்றம். ஆக்சிலேட்டரை விட்டவுடன் எஞ்சின் நின்றுவிடும். அல்லது வேகம் ஏறியும் இறங்கியும் தள்ளாடும். பலரும் உடனே ஐட்லிங் திருகை முறுக்கி வேகத்தைக் கூட்டி விடுகின்றனர். இதனால் நோய் மறைகிறதே தவிர, தீர்வதில்லை. பெட்ரோல் வீணாகும், எஞ்சின் சூடேறும், கியர் போடும்போது வண்டி முன்னே துள்ளும். குறுகிய மதகுப் பாலத்தில் இது ஆபத்து. இன்னும் சிலர் கார்புரேட்டரையே மாற்றிச் செலவு செய்கின்றனர். கோளாறு வேறிடத்தில் இருந்தால் அந்தப் பணமும் வீண்.

அறிகுறியும் காரணமும்

* சோக் போட்டால் மட்டும் ஓடி, எடுத்தவுடன் நின்றால்: கலவையில் பெட்ரோல் குறைவு. பைலட் ஜெட் அடைப்பு அல்லது காற்றுக் கசிவு.
* ஆக்சிலேட்டரை விட்ட பின்னும் வேகம் இறங்காமல் நின்றால்: காற்றுக் கசிவு, ஆக்சிலேட்டர் ஒயர் இறுக்கம், அல்லது பாயின்ட் அமைப்பிலுள்ள தானியங்கி அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ச்சி.
* கரும்புகை, பெட்ரோல் வாடை, பிளக்கில் கரி: பெட்ரோல் மிகுதி. சோக் முழுதும் திரும்பாமை, மிதவை ஊசி தேய்வு அல்லது ஏர் பில்டர் அடைப்பு.
* ஹேண்டிலைத் திருப்பும்போது வேகம் மாறினால்: ஒயர் இழுபடுகிறது. கார்புரேட்டரில் குறை இல்லை.

குளிர்ந்த எஞ்சினில் பார்க்க வேண்டியவை

காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

1. ஆக்சிலேட்டர் பிடியில் 2 அல்லது 3 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதும் திருப்பினாலும் இத்தளர்வு மறையக்கூடாது.

2. டேப்பட்டைச் சோதிக்கவும். வார்ப்பிரும்பு எஞ்சினில், அழுத்த வீச்சின் முடிவில் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது, தள்ளுகம்பிகள் விரலால் எளிதில் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதும் மூடாது. எந்தத் திருகாலும் ஐட்லிங் நிலைக்காது.

3. பாயின்ட் உள்ள வண்டியில் அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருத்தல் நன்று. முகம் கருகியிருந்தால் சுத்தம் செய்யவும். பிளக் நுனி காபித் தூள் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரியாக இருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு.

4. ஏர் பில்டரைக் கழற்றித் தட்டவும். கதிரடிக்கும் களத்தில் நின்ற வண்டியில் பதரும் தூசியும் சேர்ந்திருக்கும்.

காற்றுக் கசிவு

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள பேக்கிங்கோ ஓ ரிங்கோ கெட்டால், அளவில்லாத காற்று உள்ளே நுழையும். எஞ்சினை ஓடவிட்டு, அந்த இணைப்பைச் சுற்றிச் சிறு தூரிகையால் எஞ்சின் எண்ணெயைத் தடவவும். தடவியவுடன் வேகம் மாறினால் கசிவு அங்கேதான். நட்டுகளைச் சமமாக முறுக்கவும். பயனில்லையெனில் பேக்கிங்கை மாற்றவும். பெட்ரோலைத் தெளித்துச் சோதிக்கவே கூடாது. தீப்பிடிக்கும்.

மிதவையும் பைலட் ஜெட்டும்

கார்புரேட்டர் கிண்ணத்தை வயலாகவும் மிதவை ஊசியை மதகுப் பலகையாகவும் கொள்ளலாம். பலகை சரியாக இறங்காவிட்டால் வயல் வழிந்தோடும், திறக்காவிட்டால் காயும். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, நிழலான திறந்த வெளியில், பீடி, அடுப்பு, மோட்டார் ஸ்விட்ச் எதுவும் அருகில் இல்லாதபடி கிண்ணத்தைக் கழற்றவும். அடியில் துருவோ நீர்த்துளியோ இருந்தால் டாங்கியையும் கழுவ வேண்டும். மிதவை ஊசியின் முனையில் வளையமாகத் தேய்வு தெரிந்தால் மாற்றவும்.

ஐட்லிங்கிற்குப் பெட்ரோல் தருவது பைலட் ஜெட். இதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு துகள் போதும், அடைத்துவிடும். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தக்கூடாது. மருந்து தெளிப்பானின் முனையைக் கம்பியால் குத்தினால் தெளிப்பு கெடுவது உழவர்கள் அறிந்ததே. துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு அகன்றாலே பரப்பு 21 விழுக்காடு கூடிவிடும். அதன் பின் அளவு சரிவராது. ஜெட்டைக் கழற்றி, பெட்ரோலில் ஊறவைத்து, பஞ்சர் கடைக் காற்றாலோ சைக்கிள் பம்பாலோ ஊதிச் சுத்தம் செய்தால் போதும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்து, 2025இல் பரவலாகிவிட்டது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்தும் எத்தனால் எடுக்கப்படுவதால் உழவர்களுக்கும் இதில் தொடர்பு உண்டு. ஆனால் பழைய கார்புரேட்டர் இதற்காக அளவிடப்பட்டதன்று. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எனவே பழைய அளவிலேயே விட்டால் கலவை சற்று மெலிந்து, ஐட்லிங் தள்ளாடலாம்.

எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். அளவுக்கு மீறி நீர் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் சேர்ந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தும்போது டாங்கியைப் பாதியாக விடாமல் நிரப்பி வைப்பது நல்லது. கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும். பழைய ரப்பர் குழாய் ஊறி உப்பியிருந்தால் எத்தனாலைத் தாங்கும் குழாயாக மாற்றவும்.

கடைசியாகத்தான் திருகு

மேற்கண்டவை சரியான பின், வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றவும். மிக்கார்ப் வகைக் கார்புரேட்டரில் காற்றுத் திருகு ஏர் பில்டர் பக்கம் இருக்கும். அதை வெளியே திருப்பினால் காற்று கூடும். உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும். வேறு சில கார்புரேட்டர்களில் கலவைத் திருகு எஞ்சின் பக்கம் இருக்கும். அங்கே இது தலைகீழ்.

காற்றுத் திருகை மெல்ல உள்ளே இறுதி வரை திருப்பி, அழுத்தாமல், ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்கவும். பின் கால் சுற்றாக இருபுறமும் திருப்பி, ஒவ்வொரு முறையும் சற்றுப் பொறுத்துக் கவனிக்கவும். எஞ்சின் அதிக வேகத்தில் சீராக ஓடும் இடத்தில் நிறுத்தவும். அடுத்து ஐட்லிங் திருகால் வேகத்தைக் குறைத்து, அடிப்பு விட்டுப்போகாமல் நிதானமாக ஓடும் நிலையில் வைக்கவும். காற்றுத் திருகை எவ்வளவு திருப்பியும் மாற்றமே இல்லையெனில், பைலட் ஜெட்டோ அதன் வழியோ இன்னும் அடைத்திருக்கிறது என்று பொருள்.

இவ்வளவு செய்தும் நிலைக்காவிட்டால் கார்புரேட்டர் ஸ்லைடை விரலால் அசைத்துப் பார்க்கவும். பக்கவாட்டில் மிகுதியாக ஆடினால் தேய்ந்துவிட்டது. அப்போதுதான் புதிய கார்புரேட்டருக்குச் செலவு செய்வது பொருந்தும். ஸ்லைடு சரியாக இருந்தால் பாயின்ட் அட்வான்ஸ் அமைப்பை மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்ல வேண்டும். எந்தெந்த வேலை முடிந்தது, திருகு எத்தனை சுற்றில் உள்ளது என்பதைக் குறித்து அவரிடம் கொடுத்தால் அவர் நேரமும் உழவர் பணமும் மிச்சம். மேட்டூர் அணை திறந்து குறுவை நாற்றங்கால் வேலை தொடங்கும் முன்பே, கோடையில் இவ்வேலையை முடித்து வைப்பது நலம்.