பக்கவாதம் வந்த கைக்கு எவ்வளவு பலம்? அளந்து பார்ப்போம்

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கை இப்போ எப்படி இருக்கு?" நாமும், "முன்னைக்கு இப்போ பரவாயில்லை" என்று சொல்லிவிடுகிறோம். பரவாயில்லை என்றால் எவ்வளவு? இதற்குக் கணக்கு இல்லாததால், பலன் வந்துகொண்டிருக்கும்போதே "ஒண்ணும் முன்னேற்றம் இல்லை" என்று பயிற்சியை விட்டுவிடுவதும் உண்டு. கை, கால் பலத்தை எண்ணில் காட்டும் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம்.

அளக்கக் கூடாத நேரம்

திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால், தூக்கிய கை தானாகக் கீழே இறங்கினால், பேச்சு குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள். அப்போது கருவியும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகவே சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்குதான். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. "வாதம்தானே, எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்தினால் சரியாப் போகும்" என்று அந்த நேரத்தைக் கழித்துவிடக் கூடாது. பக்கவாதத்தில் தசை கெட்டுப்போவதில்லை. மூளையிலிருந்து தசைக்குப் போகும் உத்தரவு நின்றுபோகிறது. இடது மூளையில் பாதிப்பு என்றால் வலது கை, கால் தளரும். எண்ணெய் அந்த உத்தரவைத் திரும்பக் கொண்டுவராது. பிறகும்கூட, தளர்ந்த தோளைப் பிடித்து இழுப்பதும், உணர்ச்சி குறைந்த உடம்பை வேகமாக விழும் அருவிக்குக் கீழே வழுக்குப் பாறையில் நிறுத்துவதும் ஆபத்து.

கருவி இல்லாமல்: 0 முதல் 5 வரை

மருத்துவர்கள் பலகாலமாகப் பயன்படுத்தும் அளவு இது.

0 – தசையில் துடிப்பே இல்லை.
1 – துடிப்பு தெரிகிறது, கை அசையவில்லை.
2 – படுக்கையில் வைத்தபடி நகர்த்த முடிகிறது, தூக்க முடியவில்லை.
3 – தூக்க முடிகிறது, லேசாக அழுத்தினாலும் விழுந்துவிடுகிறது.
4 – ஓரளவு அழுத்தத்தைத் தாங்குகிறது.
5 – வழக்கமான பலம்.

இதில் ஒரு குறை உண்டு. 4 என்பது மிகப் பெரிய இடைவெளி. சொம்பைத் தூக்கத் திணறும் கையும் குடத்தைத் தூக்கும் கையும் இரண்டுமே 4-க்குள் வந்துவிடலாம். அங்கேதான் கருவி தேவைப்படுகிறது.

கருவிகள் இரண்டு

ஒன்று, பிடிபலம் அளக்கும் டைனமோமீட்டர். கைப்பிடியை இறுக்கினால் கிலோ கணக்கில் எண் காட்டும். மற்றொன்று, பிசியோதெரபிஸ்ட் தன் உள்ளங்கையில் வைத்து நோயாளியின் கை அல்லது காலுக்கு எதிராகப் பிடிக்கும் சின்னக் கருவி. நோயாளி அதைத் தள்ள வேண்டும். தள்ளும் விசையை நியூட்டனில் காட்டும். ஒரு கிலோ விசை என்பது சுமார் 9.8 நியூட்டன். இதைப் பிடிப்பவர் பலமில்லாதவராக இருந்தால் எண் தப்பாகிவிடும். அதனால் இரண்டாவது கருவியைப் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள்.

பிடிபலம் அளக்கும் முறை

1. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வையுங்கள். பாதம் தரையில் இருக்கட்டும்.
2. மேல்கை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். முழங்கை 90 டிகிரி மடங்கி, கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும்.
3. முதலில் நல்ல கை, பிறகு தளர்ந்த கை. ஒவ்வொன்றிலும் மூன்று முறை. நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு.
4. மூச்சை அடக்கக் கூடாது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள்.
5. மூன்றின் சராசரியைத் தேதியோடு எழுதுங்கள்.

உதாரணமாக, நல்ல கை 24 கிலோ, தளர்ந்த கை 6 கிலோ என்றால், பலம் நாலில் ஒரு பங்கு. சில வாரம் கழித்து 12 வந்தால் பாதி திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட வேண்டாம். அவரவர் நல்ல கைதான் அளவுகோல். ஒரு கிலோ கூடுவதும் குறைவதும் சகஜம். வாரம் ஒரு முறை, அதே நேரத்தில், அதே கருவியில் அளந்தால் போதும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதபோதும் தோள் வலி இருக்கும்போதும் அளக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: இறுக்கிப் பிடித்த கை தானாக விரிகிறதா? எண் கூடியும் விரல் விரியவில்லை என்றால் அது தசை இறுக்கமாக இருக்கலாம். பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள்.

உங்கள் ஸ்மார்ட்போன் என்ன செய்யும்?

பிடிபலத்தை போன் அளக்காது. ஆனால் மாற்றத்தைப் பதிவு செய்யும். இரண்டு கையையும் நீட்டிக் கண்ணை மூடி 10 விநாடி வைத்திருப்பதை, மாதம் ஒரு முறை அதே இடத்திலிருந்து வீடியோ எடுங்கள். கை எந்த அளவுக்கு இறங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும். கோணம் அளக்கும் ஆப்பை வைத்து கை எத்தனை டிகிரி தூக்குகிறது என்றும் குறிக்கலாம். நோயாளியின் வீடியோவை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அது மருத்துவருக்கு மட்டும்.

எங்கே உதவி கிடைக்கும்?

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். சந்தேகம் கேட்க 104. இயக்கக் குறைபாடு நீடித்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பல சலுகைகள் கிடைக்கும். சதவீதத்தை முடிவு செய்வது மருத்துவக் குழுதான். உங்கள் நோட்டு அதற்கு ஈடாகாது. ஆனாலும் கையோடு கொண்டுபோங்கள். "பரவாயில்லை" என்பதைவிட, தேதி போட்ட நாலு எண்கள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

நினைவில் வைக்க

திடீர்த் தளர்ச்சி என்றால் 108. எண் மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தால் பிசியோதெரபிஸ்ட். ஏறிக்கொண்டே வந்தால், பயிற்சியை ஒரு நாளும் விடாதீர்கள்.