இரு கைகள் போதும்

மாலை வெயில் தணிந்ததும் கெடா மாநிலத்தின் தோட்டப்புறத் திடல்களில் காற்பந்து ஆட்டம் களைகட்டும். பீடோங், பாடாங் செராய், கோல கெட்டில் போன்ற வட்டாரங்களில், ரப்பர் மரங்களுக்கும் செம்பனை மரங்களுக்கும் நடுவே அமைந்த திடல்களில் மாணவர்களும் வேலை முடிந்து வந்த பெரியவர்களும் சேர்ந்தே விளையாடுவர். அவ்வாறு ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர், யார் மீதும் மோதாமலேயே திடீரெனச் சாய்ந்து விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? சிலர் முகத்தில் நீர் தெளிப்பர். சிலர் வாயில் நீர் ஊற்ற முயல்வர். இன்னும் சிலர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பர். பிறகு, அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைவர். இவை அனைத்தும் நல்லெண்ணத்தில் செய்யப்படுபவைதாம். ஆனால், விழுந்தவரின் இதயம் நின்றுபோயிருந்தால் இவற்றுள் எதுவும் அவரைக் காப்பாற்றாது.

உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு திடலில் இத்தகைய நிகழ்வு நடந்தது. 2021ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் ஐரோப்பியக் கிண்ணக் காற்பந்துப் போட்டி நடைபெற்றது. டென்மார்க்கும் பின்லாந்தும் மோதின. மலேசியாவில் அப்போது நள்ளிரவு கடந்திருந்தது. முதல் பாதி ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, 29 வயதான டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் பந்தை நோக்கிச் சென்றவாறே தரையில் சாய்ந்தார். நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்தினார். குழுத் தலைவர் சைமன் கியர் ஓடிச் சென்று அவரைக் கவனித்தார். மருத்துவக் குழு திடலுக்குள் விரைந்து வந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கியது. சக ஆட்டக்காரர்கள் எரிக்சனைச் சுற்றி வட்டமாக நின்று, பிறர் பார்வையிலிருந்து அவரை மறைத்தனர். ஒரே ஒரு முறை மின்னதிர்வு கொடுத்ததும் அவர் இதயம் மீண்டும் துடித்தது. அவரது உடலில் இதயத் துடிப்பைச் சீராக்கும் சிறு கருவி ஒன்று பின்னர் பொருத்தப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், அதாவது அவர் விழுந்து 1,100 நாள்களுக்குப் பிறகு, அதே ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் சுலோவேனியாவுக்கு எதிராக எரிக்சன் கோல் புகுத்தினார்.

எரிக்சனுக்கு ஏற்பட்டதைப் பலர் மாரடைப்பு என்றே குறிப்பிடுகின்றனர். மாரடைப்பும் திடீர் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயில் அடைப்பு ஏற்படுவது மாரடைப்பு. அப்போது நெஞ்சு வலிக்கும், வியர்க்கும், ஆனால், பெரும்பாலும் நினைவு இருக்கும். இதயத்தை இயக்கும் மின்னோட்டம் திடீரென ஒழுங்கு தவறுவதால் நேர்வது இதய நிறுத்தம். இதயம் இரத்தத்தை வெளியே தள்ள இயலாமல் போகிறது. சில விநாடிகளிலேயே நினைவு தப்பிவிடும். நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிப்படையத் தொடங்கும். முதலுதவி எதுவும் கிடைக்காவிடில், கடந்து செல்லும் ஒவ்வொரு நிமிடமும் உயிர் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது. மாரடைப்பு முற்றினால் இதய நிறுத்தம் ஏற்படலாம் என்பதால், நெஞ்சுவலியையும் அலட்சியப்படுத்தக்கூடாது.

இந்த நிமிடங்களைத் தோட்டப்புறச் சூழலோடு பொருத்திப் பார்க்க வேண்டும். முன்னாளில் பல தோட்டங்களில் சிறு மருந்தகமும் டிரஸ்ஸரும் இருந்தனர். இன்று அவசரம் என்றால் சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங் போன்ற நகரங்களின் மருத்துவமனைகளையே நாட வேண்டியுள்ளது. மருத்துவ வண்டி எவ்வளவு விரைந்து புறப்பட்டாலும், நெடுஞ்சாலையைக் கடந்து செம்மண் சாலையில் திரும்பி, தோட்டக் குடியிருப்பைத் தேடி வந்து சேர நேரமாகும். காரில் ஏற்றிச் செல்வதும் தீர்வாகாது. ஓடும் காரின் இருக்கையில் கிடத்தப்பட்டவரின் நெஞ்சை முறையாக அழுத்த முடியாது. ஆகவே, மருத்துவ வண்டி வரும்வரை அந்த உயிர் அருகில் நிற்பவர்களின் கையில்தான் இருக்கிறது.

எரிக்சனுக்குத் திடலோரத்திலேயே மருத்துவக் குழு இருந்தது. தோட்டத்தில் யார் இருக்கிறார்கள் எனும் கேள்வி எழலாம். இதற்கான விடையும் டென்மார்க்கிலேயே கிடைக்கிறது. அந்நாட்டில் 2005ஆம் ஆண்டு முதல் பள்ளி மாணவர்களுக்கும், அடுத்த ஆண்டு முதல் வாகன உரிமம் பெறுவோருக்கும் உயிர்மீட்பு முதலுதவிப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில், மருத்துவமனைக்கு வெளியே இதய நிறுத்தம் ஏற்பட்டவர்களுள் ஏறக்குறைய 21 விழுக்காட்டினருக்கு மட்டுமே அருகிலிருந்தோர் நெஞ்சை அழுத்தி உதவினர். 2010ஆம் ஆண்டில் இது 45 விழுக்காடாக உயர்ந்தது. அதே காலத்தில், முப்பது நாள்களுக்குப் பின்னும் உயிரோடு இருந்தோர் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காடாக உயர்ந்தனர். மருத்துவச் சேவையின் பிற முன்னேற்றங்களும் இதற்குத் துணை நின்றன. என்றாலும், முதல் உதவியைச் செய்தவர்கள் சாதாரண மக்களே.

நெஞ்சை அழுத்தும் இம்முறை 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களால் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அக்குழுவில் முதன்மையானவரான கௌவன்ஹோவன் மருத்துவர் அல்லர், மின்பொறியியலாளர். இதற்கு இரு கைகளே போதும், எவரும் எங்கும் செய்யலாம் என்பதே அவர்களது ஆய்வுக் கட்டுரையின் சாரம். அதே காலக்கட்டத்தில், நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஓஸ்மண்ட் லார்டல் பயிற்சிக்கென ஆளுயரப் பொம்மையை உருவாக்கினார். இன்றும் முதலுதவி வகுப்புகளில் அத்தகைய பொம்மைகளே பயன்படுகின்றன.

செய்ய வேண்டியவை எளியவை. விழுந்தவரின் தோளைத் தட்டி உரக்க அழைக்க வேண்டும். அவர் அசையாமலும் இயல்பாக மூச்சு விடாமலும் இருந்தால் இதயம் நின்றுவிட்டதாகவே கருத வேண்டும். விட்டுவிட்டு வரும் திணறல் மூச்சு உண்மையான மூச்சன்று. உடனே ஒருவர் 999 எண்ணை அழைத்து, தோட்டத்தின் பெயரையும் நுழைவாயிலின் அடையாளத்தையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இன்னொருவர் மோட்டார் சைக்கிளில் முதன்மைச் சாலைக்குச் சென்று, மருத்துவ வண்டிக்கு வழிகாட்டலாம். மற்றொருவர் நோயாளியைக் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவே ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மறு கையைக் கோத்து, முழங்கையை மடக்காமல் அழுத்த வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் நெஞ்சு பழைய நிலைக்கு மீள விட வேண்டும். இது மிகவும் களைப்பூட்டும் வேலை. ஆதலால், இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாறுவது நல்லது. மின்னதிர்வுக் கருவி அருகில் இருந்தால் எடுத்து வரச் சொல்ல வேண்டும். அதை இயக்கியதும் செய்ய வேண்டியதை அக்கருவியே குரல் வழி சொல்லித் தரும்.

பலரைத் தடுப்பது அறியாமை மட்டுமன்று, தயக்கமும்தான். விலா எலும்பு முறிந்துவிடுமோ எனச் சிலர் அஞ்சுவர். முறிந்த எலும்பு கூடிவிடும். நின்ற இதயம் தானாகத் துடிக்காது. விழுந்தவர் பெண்ணாயிற்றே எனத் தொடத் தயங்குவோரும் உள்ளனர். ‘ஆபத்துக்குப் பாவமில்லை’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது இத்தகைய வேளைக்காகத்தான்.

பல பள்ளிகளில் செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற சீருடை இயக்கங்கள் செயல்படுகின்றன. அவற்றில் முதலுதவி பயிலும் மாணவர், கற்றதை வீட்டிலுள்ள அப்பா, அம்மா, தாத்தா, பாட்டிக்கும் செய்து காட்டலாம். தோட்டத்துக் கோயில் மண்டபத்திலோ, தாமான் சமூக மண்டபத்திலோ ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி நடத்துமாறு பெரியவர்களிடம் கேட்கலாம். இதய நிறுத்தம் பெரும்பாலும் வீட்டிலேயே நேர்கிறது. ஆகவே, ஒரு மாணவரின் கைகள் ஒருநாள் காக்கப்போகும் உயிர், அவருடைய குடும்பத்தில் ஒருவரின் உயிராகவே இருக்கக்கூடும்.