முதிய நாயும் முதல் அணுவிரதமும்

சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில் வரும் நாயை நம் இல்லங்களில் அறியாதார் இலர். அந்தணர்க்கென வைத்த சோற்றைத் தீண்டியதற்காக அடித்து வீழ்த்தப்பட்ட அந்நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்தது. சுதஞ்சணன் பின்னாளில் சீவகனுக்குச் செய்த உதவிகளையே நாம் பிள்ளைகளுக்கு விரித்துரைக்கிறோம். எனக்கோ அதற்கு முந்திய கணமே பெரிதாகத் தோன்றுகிறது. பிழைக்காது என்று தெரிந்த ஒரு நாயின் அருகில் அவன் நின்றான். பயன் கருதியிருந்தால் நின்றிருக்க மாட்டான்.

சென்னையில் உள்ள புளூ கிராஸ் போன்ற விலங்குக் காப்பகங்களைச் சென்று கண்டவர்கள் ஒன்றை அறிவர். குட்டிகளைக் கேட்டு வருவோர் உளர். பத்து வயது கடந்து, கண் புரையோடி, சிறுநீரகம் தளர்ந்த நாயைக் கேட்பார் அரியர். அவற்றுள் சில ஒரு வீட்டில் செல்லமாய் வளர்ந்து, நோய் வந்தபின் வெளியே விடப்பட்டவை. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இவ்வாறு கைவிடுதலைக் குற்றமாகக் கூறுகிறது. (அச்சட்டத்திற்கு மாநிலங்களவையில் முன்னின்று குரல் எழுப்பியவர் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.) அத்தகைய நாயொன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இல்லத்தில் ஏற்றோம். பெயர் மணி.

அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை அருங்கலச்செப்பு முதலிய இல்லற ஒழுக்க நூல்கள் கூறுகின்றன. கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. வண்டிமாட்டையும் உழவுமாட்டையும் கருதிச் சொல்லப்பட்டவை என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். மணி வந்த பின்னரே அவ்வைந்தையும் மறுபடி படித்தேன்.

ஐந்தாவது அதிசாரத்தை முதல் வாரத்திலேயே செய்துவிட்டோம். மணி சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் போகும். புலால் உண்டு பழகிய நாய்க்கு நம் வீட்டு உணவு பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி, பசித்தால் தானே உண்ணும் என மூன்று நாள் வாளாவிருந்தோம். கால்நடை மருத்துவர் அதன் வாயைத் திறந்து காட்டியபோது நாணினேன். ஈறு அழுகி, கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. உண்ண விரும்பியும் மெல்ல இயலாமல் அது நின்றிருக்கிறது. பற்களை எடுத்து, சோற்றைக் குழைய வடித்துக் கொடுத்தபின் கலத்தை நக்கித் துடைத்தது.

நீரும் அவ்வாறே. சிறுநீரகம் தளர்ந்த நாய் மிகுதியாகக் குடிக்கும், மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும். தரை நனைகிறதே என்று இரவில் நீர்க்கலத்தை எடுத்து வைப்பவர்கள் உண்டு. அதன் உடலில் நீர் தங்காது. கலத்தை எடுத்தால் அந்நாய் விரைவில் வீழ்ந்துவிடும். தரையைத் துடைப்பது நம் வேலை.

நம்மவர் முதலில் வினவுவது, புலால் இன்றி நாய் வாழுமா என்பதே. பூனை வாழாது, அதன் உடலுக்கு இன்றியமையாத சில சத்துகள் புலாலிலிருந்தே இயல்பாகக் கிடைப்பவை. ஆகவே சிராவகர் வீட்டிற்குப் பூனை ஏற்றதன்று என்பது என் கருத்து. நாய் மாவுப்பொருளைச் செரிக்கவல்லது. திட்டமிட்ட மரக்கறி உணவில் அது நலமாக வாழ இயலும். திட்டமிட்ட என்ற சொல்லை வலியுறுத்துகிறேன். வெறும் தயிர்ச்சோறு போதாது. சிறுநீரக நோய்க்குப் பாஸ்பரஸ் குறைந்த உணவு வேண்டும். இதய நோய்க்கு உப்பைக் குறைக்க வேண்டும். எதை எவ்வளவு சேர்ப்பது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குக. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. அவற்றை விலக்கிய அடுக்களைக்கு இது எளிது. ஆனால் திராட்சையும் உலர்திராட்சையும் நஞ்சே. பூசைக்கு வைத்த பழத்தட்டு நாய்க்கு எட்டாதிருக்கட்டும்.

அடித்தலையும் அறுத்தலையும் பற்றி இங்கே விரிக்க வேண்டியதில்லை. கட்டுதல் வேறு. மூட்டு வீங்கிய நாயைக் குறுங்கயிற்றில் கட்டினால் அது புரண்டு படுக்கவும் இயலாது. பாரம் என்பதோ முதிய நாய்க்கு அதன் சொந்த உடலே. வழவழப்பான தரையில் மணியின் பின்னங்கால்கள் சறுக்கின. கயிற்றுப் பாய்களை வழிநெடுக விரித்தோம். கண் மங்கிய நாய்க்காக நாற்காலிகளை இடம் மாற்றாமல் வைத்தோம். நோவுக்கு நாம் உண்ணும் மாத்திரையை ஒருபோதும் கொடுக்கலாகாது. இபுபுரூஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக் கொல்லவல்லது. உறங்கும்போது மூச்சை எண்ணிப் பழகுங்கள். நிமிடத்திற்கு முப்பதைத் தாண்டிக்கொண்டே இருந்தால் அன்றே மருத்துவரிடம் செல்க.

உண்ணியைப் பற்றி என் தமக்கையார் கேட்ட கேள்விக்கு இன்றும் என்னிடம் முழு விடை இல்லை. உண்ணி மூவறிவுயிர், மருந்திட்டால் மடியும். இடாவிட்டால் அது பரப்பும் காய்ச்சல் ஐயறிவும் மனமும் உடைய உயிரைக் கொல்லும். நாள்தோறும் சீவி, காதும் விரலிடுக்கும் பார்த்து, படுக்கையை வெயிலில் உலர்த்தி, உண்ணி பெருகாமல் காத்தோம். ஆயினும் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தேவிட்டது, மருந்திட்டோம். அதை அறம் என்று வாதிட மாட்டேன். இல்லறத்தான் முற்றும் விலக்க இயலாத ஹிம்சையென ஏற்று, பிரதிக்கிரமணத்தில் நினைந்தேன்.

மூன்றாம் ஆண்டின் இறுதியில் மணி எழ இயலாது போயிற்று. ஊசியிட்டுத் துன்பத்தை முடித்துவிடலாம் என்று மருத்துவர் பரிவோடுதான் சொன்னார். எம்மால் ஒப்ப இயலவில்லை. சல்லேகனை தானே அறிந்து ஏற்கும் விரதம். ஓருயிருக்காக மற்றொருவர் அதனை ஏற்றல் ஆகாது. ஆனால் மறுத்தவர்க்குக் கடமை இரட்டிப்பாகிறது. ஊசி வேண்டாம் என்று கூறிவிட்டு, நோவு தணிக்கும் மருந்தும் வாங்காமல், மூலையில் கிடக்க விடுபவர் எந்த விரதத்தைக் காத்தார்? மருத்துவரிடம் அதையே கேட்டோம். நோவுக்கு மருந்து எழுதித் தந்து, சில மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவும் வாயை நனைக்கவும் கற்பித்தார்.

ஒன்பது இரவுகள் முறைவைத்து விழித்திருந்தோம். பத்தாம் நாள் விடியலில் என் மனைவியார் அதன் செவியருகே நமஸ்கார மந்திரம் ஓதிக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. எக்கதியில் பிறந்தது என்பதை அறியும் ஞானம் நமக்கு இல்லை. மறுவாரம், எஞ்சிய மாத்திரைகளையும் கயிற்றுப் பாய்களையும் காப்பகத்திற்கே கொண்டுபோய்க் கொடுத்தோம்.