இல்லத்தருகே பாம்பு

மழைக்காலத்தில் பாம்புகளின் வளைகளில் நீர் புகுந்துவிடும். அவை உலர்ந்த இடம் நாடி வெளியே வரும். அப்போது தோட்டத்திலும் குளியலறையிலும் குடியிருப்பின் படிக்கட்டிலும்கூட அவற்றைக் காண நேரிடும். 'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்பது பழமொழி. அஞ்சுவது இயல்பே. ஆனால், அஞ்சிக் கம்பெடுத்து அடிக்க முனைவோரே பல வேளைகளில் கடிபடுகின்றனர்.

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை. எலியையும் தவளையையும் தேடி வருகின்றது. குப்பையும் சிந்திய தானியமும் எலியை அழைக்கும். எலி பாம்பை அழைக்கும். ஆகவே, வீட்டைச் சுற்றித் தூய்மை பேணுவதே முதற்காவல்.

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கற்றவை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே மிகுதியான உயிரிழப்புக்குக் காரணமானவை. வடமாநிலங்களில் நீங்கள் 'கரைத்' என்று கேட்டிருக்கும் பாம்பே நம் கட்டுவிரியன். 'தாமன்' எனப்படுவது சாரைப்பாம்பு. அது நஞ்சற்றது, எலிகளை உண்டு உழவருக்கு உதவுவது. எனினும், இனம் அறிவதற்காக எந்தப் பாம்பின் அருகிலும் செல்லலாகாது.

பாம்பைக் கண்டால்

1. அசையாமல் நின்று, பின்பு மெல்லப் பின்வாங்குக.
2. பெரியோரிடம் உடனே கூறுக. அவர்கள் தொலைவில் நின்று, அது செல்லும் இடத்தைக் கவனிக்கட்டும்.
3. வனத்துறைக்கோ பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளருக்கோ தெரிவிக்கச் செய்க.
4. இரவில் கைவிளக்கின்றி வெளியே நடவாதீர். காலணியை உதறிய பின் அணிக.
5. தரையில் படுக்க நேர்ந்தால் கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிக்கொள்க. கட்டுவிரியன் இரவில் உறங்குவோரைக் கடிப்பதுண்டு. அக்கடியில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது.

கடித்துவிட்டால்

கடித்த இடத்தைக் கீறுதலும் நஞ்சை வாயால் உறிஞ்சுதலும் கயிற்றால் இறுகக் கட்டுதலும் தவறு. மோதிரம், வளையல் முதலியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 112 என்னும் எண்ணை அழைத்து, விரைந்து மருத்துவமனை சேர்தல் வேண்டும். மந்திரிப்பவரிடம் செல்வதால் வீணாகும் ஒவ்வொரு மணித்துளியும் உயிரின் விலை. நஞ்சுமுறி மருந்து ஒன்றே பாம்பு நஞ்சை முறிக்கும்.

அம்மருந்து எவ்வாறு கிடைக்கின்றது? பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்துவர். அதன் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குவர். இதற்குரிய நஞ்சினைத் திரட்டுவதில் தமிழ்நாட்டின் இருளர் பழங்குடியினர் பெரும்பங்கு வகிக்கின்றனர். 1978-ஆம் ஆண்டு அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. அது மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இயங்குகின்றது. பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, சில வாரங்களில் காட்டிலேயே விட்டுவிடுவர். இம்மக்களைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பாம்பைக் கொல்லாத கைகளே பல்லாயிரம் உயிர்களைக் காக்கின்றன.

மொழியை அறிவோம்

அச்சம் தருவதையும் நற்சொல்லால் குறிப்பது தமிழ் மரபு. சுடுகாட்டை 'நன்காடு' என்பர். நாகத்தை 'நல்லபாம்பு' என்பர். இவ்வாறு வழங்குவது மங்கல வழக்கு.

அருஞ்சொற்பொருள்

வளை – பொந்து
பேணுதல் – காத்தல்
மணித்துளி – நிமிடம்
குருதி – இரத்தம்
நஞ்சுமுறி – நஞ்சை அழிக்கும் மருந்து

பயிற்சி

அ) விடை எழுதுக.
1. பாம்புகள் வீட்டருகே வருவதற்குரிய காரணங்கள் இரண்டினைக் கூறுக.
2. பாம்பு கடித்தவர்க்குச் செய்யத்தகாதன யாவை?
3. இருளர் மக்களின் பணி மருத்துவத்திற்கு எவ்வாறு உதவுகின்றது?

ஆ) பிரித்து எழுதுக: முதற்காவல், அம்மருந்து, நற்சொல்.

இ) நீங்கள் வாழும் ஊரில் பாம்புகளுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டறிக. அவற்றின் தமிழ்ப் பெயர்களைப் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ கேட்டு, எதிரே எழுதுக.