லேகியம் இருக்கட்டும்... மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

"ஆபரேஷன் ஆச்சு, கீமோ ஆச்சு, கரண்ட் வைக்கிறதும் முடிஞ்சுது. இனிமே உங்க லேகியமே போதும்தானே டாக்டர்?"

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட சகோதரிகள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. நான் சித்த மருத்துவன்தான். ஆனாலும் என் பதில், 'போதாதும்மா!'

காரணம், நோய் அதே இடத்திலோ, அடுத்த மார்பிலோ, வேறு உறுப்பிலோ மறுபடி தலைகாட்டலாம். மார்பில் வருவதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

* முதல் 3 வருடம்: 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை.
* 4, 5-ம் வருடம்: 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை.
* அதன்பின்: வருடம் ஒரு முறை.
* மார்பகம் எடுக்கப்படாத பக்கத்துக்கு வருடா வருடம் மேமோகிராம். பாதி எடுத்துக் கரண்ட் வைத்த மார்புக்கு, அது முடிந்து 6 மாதமாவது கழித்து.

தொந்தரவு எதுவும் இல்லாதவர் பயந்துகொண்டு அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.

ஹார்மோன் சார்ந்த வகைப் புற்று என்றால், டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரையை 5 முதல் 10 வருடம் சாப்பிடச் சொல்வார்கள். 'குப்புனு சூடு ஏறுது, வேர்த்துக் கொட்டுது' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் வழி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. குழம்பில் போடும் மஞ்சள்தூள் வேறு. மஞ்சள் சாரம் அடைத்த காப்ஸ்யூல் வேறு. காப்ஸ்யூல், டமாக்ஸிஃபென்னின் வேலையைக் குறைக்கக்கூடும். எங்கள் மருந்தானாலும், புற்றுநோய் டாக்டருக்குத் தெரியாமல் சாப்பிடக் கூடாது.

உடனே காட்ட வேண்டியவை: புதுக் கட்டி, தழும்பில் தடிப்பு, விடாத எலும்பு வலி, மூச்சிரைப்பு, தொடர் தலைவலி. டமாக்ஸிஃபென் சாப்பிடுபவருக்கு, மாதவிலக்கு நின்றபின் உதிரம் பட்டாலும் சும்மா இருக்கக் கூடாது.

அக்குள் நெறி எடுத்த பக்கத்துக் கையில் வளையல் இறுகுகிறதா? அது வீக்கத்தின் ஆரம்பம். தைலம் போட்டு அழுத்தி உருவாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். செய்த சிகிச்சை, மாத்திரை பெயர், அடுத்த தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். பசி, தூக்கம், மலச்சிக்கலுக்கு என்னிடம் வந்தாலும் அதைப் பார்த்துத்தான் மருந்து தருவேன்.

வீட்டுக்காரர்களே, அந்தத் தேதியை இன்றே காலண்டரில் வட்டம் போடுங்கள். அன்றைக்குத் துணைக்குப் போக வேண்டியது நீங்கள்தான்!