பயிற்சி வாளைத் தெரிந்தெடுத்தல்

பண்டைப் போர்முறைகளை ஏடுகளில் ஆராய்ந்து, அவற்றை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் கழகங்கள் மேனாடுகளிற் பல உள. அவற்றிற் புதிதாய்ச் சேரும் இளைஞன் முதற்கண் வினவுவது, "எவ்வாளை வாங்குவது?" என்பதே. அவன் கண் அழகிய வாளையே நாடும். யாம் கூறுவது வேறு: பயிற்சி வாள் ஏந்துவோன் பெருமைக்கன்று, எதிர்நிற்போன் நலத்திற்கே தெரியப்படல் வேண்டும்.

இஃது இன்று தோன்றிய கருத்தன்று. உரோமர் தம் புதிய படைஞர்க்கு மரவாள் தந்து, நட்ட கம்பத்தின்மேற் பயிற்றினர். அது போர்வாளினும் இரட்டிப்பு எடையுடையதென வெஜீசியஸ் எழுதினார். கம்பத்திற்கு நோவில்லை, ஆதலின் அப்பாரம் பொருந்தும். தோழனோடு பொருவோர்க்கு அது பொருந்துமோ? 16-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய வாட்பள்ளிகளில், ஒடுங்கி வளையும் அலகுடைய பயிற்சி வாள்கள் வழங்கின. ஜோவாக்கிம் மேயர் 1570-இல் வெளியிட்ட நூலின் படங்களில் அவற்றைக் காணலாம்.

இக்காலப் பயிற்சி வாள்கள் மரம், நைலான், உருக்கு என மூவகைப்படும். மரவாள் விலை குறைந்தது. அடிவைப்பும் வீச்சும் பழகுதற்கு ஏற்றது. ஆயின் அது வளையாது. ஆதலின் குத்துதற்கு ஆகாது. நைலான் வாள் வளையும். எனினும் வாளோடு வாள் பொருந்துங்கால் உருக்கின் உணர்ச்சியைத் தாராது. உருக்கு வாளே மெய்வாளுக்கு அணித்து.

உருக்கு வாள் கொள்வோர் நோக்கவேண்டுவன சில. சுவரில் தொங்கவிடும் அலங்கார வாளை எக்காலும் களத்திற் கொணரற்க. பிடிக்குள் நுழையும் அதன் இரும்பு மெலிதாதலின், வீச்சில் முறிந்து பறக்கும். வளைந்து மீளும் வில்லுருக்கினால் ஆயதே வேண்டும். வாய் மழுங்கி, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிப்புடன் இருத்தல் நன்று. முனை உருண்டிருத்தல் வேண்டும். இருகை நெடுவாள் ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோகிராம் வரை நிற்பின் போதும். எடை மிகின் ஓங்கிய கையை இடையில் நிறுத்தல் அரிது. நிறுத்தலறியாதவன் வாட்போர் அறியாதவனே.

நல்ல கருவியும் பிழைபடும் என்பதற்குச் சான்றொன்று உண்டு. 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் பொற்பதக்கம் பெற்ற விளாதிமிர் ஸ்மிர்னோவ், 1982-இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில், எதிராளியின் அலகு முறிந்து முகமூடியைத் துளைத்தமையால் உயிர் துறந்தார். அதன் பின்னரே அலகு, முகமூடி ஆகியவை பற்றிய விதிகள் கடுமையாயின. புகழ்பெற்ற வீரர்க்கே இது நேர்ந்ததாயின், புதியோர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்!

ஆகவே, ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னும் பின்னும் வாளை ஆராய்க. வாயில் எழுந்த பிசிரை அரத்தால் தேய்க்க. மரத்தில் சிலாம்பு தோன்றின் நீக்குக. விரிசல் காணின், விலை கருதாது அக்கருவியைக் கைவிடுக. முகமூடியும் கையுறையும் வாங்கிய பின்னரே வாளுக்குப் பொருள் செலவிடுக.

மாணவ நண்பர்காள்! பகைவனைக் கொல்லச் செய்த வாளைத் தெரிதல் எளிது. நாளையும் நம்மோடு பயிலவரும் தோழனைக் காக்கும் வாளைத் தெரிதலே அறிவுடைமையாகும்.